ஈரத்துணி மேல் விழுந்த பழி

போன வியாழக்கிழமை காலை எங்கள் ஆபீஸின் பெரிய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. திரையில் இருந்த படம் உறைந்து, கோடு கோடாக இழுத்து, அப்புறம் மொத்தமும் கறுத்துப்போனது. சுற்றி நின்றவர்கள் முகமெல்லாம் செத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் நான் சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு!

ஜி.எம். என்னை முறைத்தார். முறைக்கட்டும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஆயுத பூஜையிலிருந்து நான் பொத்தி வைத்திருக்கும் கோபம் இருக்கிறது. அதை இந்த வாரம் உங்களிடம் கொட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக — மீஞ்சூரில் ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, தொழிற்பேட்டைக்குள் ஒரு கம்பெனியில் டிராயிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறவள் நான். காருக்கும் பைக்குக்கும் வேண்டிய தகடுகளை அழுத்தி எடுக்கிற இரும்பு அச்சுகள் செய்கிறோம். அச்சு எப்படி இருக்கும் என்று முதலில் கம்ப்யூட்டரில் வரைந்து, எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டினால்தான் கஸ்டமர் தலையாட்டுவார்.

அதற்கு எங்களிடம் நாலு கம்ப்யூட்டர். மூன்று சாதா. நாலாவதுதான் ராஜா. அதற்குள்ளே தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு. படம் திரும்புவதும், பெரிதாவதும், வெட்டிக் காட்டுவதும் அந்தக் கார்டின் தயவு. அது இல்லாவிட்டால் ராஜா வெறும் தகரப் பெட்டி.

நாலிலும் ஓடுவது விண்டோஸ் இல்லை, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ். திருட்டு சாப்ட்வேர் வைத்திருக்கிற கம்பெனிகளில் ரெய்டு நடக்கிறதாம் என்று யாரோ ஊதிவிட, எங்கள் முதலாளி பயந்துபோய் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டார். எனக்கு இதில் வருத்தமே இல்லை. திறந்து கிடக்கிற பொருள். யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், மாற்றலாம். அந்தக் கொள்கை எனக்குப் பிடிக்கும்.

இதையெல்லாம் பராமரிக்கிறவர் பிரபாகர். நல்ல பிள்ளை, வேலை தெரிந்தவர். ஆனால் ஒரு பெருமை உண்டு. “விண்டோஸ் மாதிரி தினமும் அணைச்சிப் போடணும்னு அவசியமே இல்லை மேடம். பாருங்க, இதை நான் கடைசியா எப்போ ரீஸ்டார்ட் பண்ணேன்னு எனக்கே ஞாபகம் இல்லை!” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். கரண்ட் போனாலும் யுபிஎஸ், ஜெனரேட்டர் என்று ராஜா ஓடிக்கொண்டே இருந்தார்.

வந்தது ஆயுத பூஜை.

நம் ஊர்த் தொழிற்சாலைகளில் அன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்லவேண்டுமா? லேத்திலிருந்து எடை மெஷின் வரை கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை கொடுத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்போம். அன்றைக்கு எந்த மெஷினும் ஓடக்கூடாது. ராஜாவும் மெஷின்தானே? “அதுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் குடுங்கப்பா” என்றார் ஜி.எம். பிரபாகர் அரை மனதோடு அணைத்தார்.

துடைத்தவர் எஸ்தர். ஏளாவூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருகிற காண்ட்ராக்ட் தொழிலாளி. எங்கள் மாடி முழுக்க அவர் பொறுப்பு. எங்கள் பேட்டையில் சுற்றிலும் உருக்காலைகள்... காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு கரி. எஸ்தர் மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் எல்லோரும் கரிமூட்டை தூக்கியவர்கள் மாதிரி வீடு போய்ச் சேருவோம். அவர் புருஷன் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். பெரிய பெண் பொன்னேரியில் காலேஜ் படிக்கிறாள். இந்த ஒரு சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எஸ்தர் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, பெட்டிகளின் வெளிப்புறத்தைத் துடைத்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சந்தனத்தைத் தளரத் தளரக் குழைத்து ராஜாவின் நெற்றியில் — அதில் நெற்றி எது என்று அவருக்குத்தான் வெளிச்சம் — பட்டையாக இழுத்தவர் ஜி.எம். அது வழிந்து காற்றுத் துளைக்குள் இறங்கியதை நானே பார்த்தேன். கற்பூரத் தட்டைத் திரைக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றியவரும் அவர்தான்.

விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்தோம். அன்றைக்கு மத்தியானம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கஸ்டமர் வருகிறார், புது அச்சின் படத்தைப் பார்க்க. பிரபாகர் பட்டனை அமுக்கினார். பெட்டி உறுமியது. ஏதோ எழுத்துகள் ஓடின. அப்புறம்... கறுப்பு. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டு நின்றது.

அணைத்துப் போட்டார். கறுப்பு. ஒயரைப் பிடுங்கிச் செருகினார். கறுப்பு. வேறு மானிட்டரை மாட்டினார். அதுவும் கறுப்பு.

பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த அட்மின் ஆபீசர் நடேசன் சார் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “என்ன கோளாறு?” என்பது இல்லை.

“இதை யார் தொட்டது?”

அப்புறம் அவரே பதிலையும் சொன்னார். “எஸ்தர்தானே துடைச்சிது? ஈரத்துணியைப் போட்டுத் தேய்ச்சா எலக்ட்ரானிக்ஸ் என்னத்துக்கு ஆகும்?”

பக்கத்தில் இருந்த அரை டஜன் தலைகள் ஆடின. வழிந்த சந்தனம் யார் நினைவுக்கும் வரவில்லை. கற்பூரச் சூடு யாருக்கும் உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? அதைச் செய்தவர் ஜி.எம். ஆயிற்றே! ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்?

அதோடு நின்றிருந்தால்கூட என் ரத்தம் இவ்வளவு கொதித்திருக்காது. நடேசன் சார் குரலைத் தாழ்த்தி, என்னமோ பெரிய ரகசியம் போல் என்னிடம் சொன்னார்: “பூஜைக்கு வைக்கிற பொருளை, நம்பிக்கை இல்லாதவங்க கையால தொட விட்டதே தப்பு மேடம்.”

எஸ்தர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். அதுதான் விஷயம். ஏன் சார்... வருஷம் முழுக்க நம் எச்சில் டம்ளரைக் கழுவுகிற கை, கக்கூஸைத் தேய்க்கிற கை, அப்போதெல்லாம் உறுத்தவில்லையா? கேட்டேன். நன்றாகவே சத்தமாகக் கேட்டேன். அவர் ஃபைலைப் புரட்டுவது போல் திரும்பிக்கொண்டார்.

அதற்குள் காண்ட்ராக்டரின் ஆள் வந்துவிட்டான். “நாளையிலேர்ந்து வேற ஆளு அனுப்பிர்றேன் சார்” என்றான், பழுதான பல்பை மாற்றுகிற மாதிரி.

எஸ்தர் வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுக் கூடத்தில் நின்றார்.

“இன்னா மேடம் அநியாயம் இது! தொடைக்காத உட்டா கரின்றீங்கோ. தொட்ச்சா ஒட்ச்சிட்டன்றீங்கோ. அந்த மூணு பொட்டியும் இதே துணிலதான் தொட்ச்சேன். அதெல்லாம் படம் காட்டிக்கினுதானே கீது? இது ஒண்ணுக்கு மட்டும் எங்கையி வெஷமா?”

சொல்லி முடிக்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போனார். படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

நான் ஜி.எம். அறைக்குப் போனேன். “காரணம் தெரியாம ஒருத்தர் வேலையை எடுக்கக் கூடாது சார். நானும் பிரபாகரும் பார்க்கிறோம்.”

“மத்தியானம் கஸ்டமர் வர்றார் மேடம். அதுக்குள்ள கண்டுபிடிச்சா சரி. இல்லேன்னா நடேசன் சொல்றபடி விட்டுடுங்க.”

ஆக, ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதும் அணைவதும் ஒரு கார்டின் கையில்!

முதலில் கார்டு விற்ற ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரருக்குப் போன் போட்டோம். “லினக்ஸா? அதுக்கெல்லாம் நாங்க கேரண்டி கிடையாதுங்க” என்றார். வாங்கும்போது எதற்கும் ஓடும் என்று சொன்ன அதே வாய். அடுத்தது கார்டு கம்பெனியின் கால் சென்டர். ரொம்ப நேரம் பாட்டுக் கேட்க வைத்து, கடைசியில் ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள்: “மேடம், விண்டோஸ் போட்டுட்டு மறுபடி கால் பண்ணுங்க.” வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால், வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டுச் சொல்லுங்கள் என்கிறாள்!

பிரபாகர் சாதா கம்ப்யூட்டர் ஒன்றில் உட்கார்ந்து, லினக்ஸ்காரர்கள் கூடுகிற இணையக் களத்தில் கேள்வி போட்டார். அங்கேயாவது நம் ஆட்கள், கை கொடுப்பார்கள் என்று நம்பினேன். சுடச்சுடப் பதில் வந்தது. அந்தக் கார்டை வாங்கியதே உங்கள் தப்பு, மூடிய டிரைவர் போடுகிறவர்களுக்கு இங்கே உதவி கிடையாது, கேள்வி கேட்கும் முன் பழைய பதில்களைப் படித்துவிட்டு வாருங்கள்... இப்படி மூன்று பேர் மூன்று விதமாகக் காய்ச்சி எடுத்தார்கள். அங்கேயும் ஒரு நடேசன் சார் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

இந்த டிரைவர் என்பது என்ன? கார்டு ஒரு பாஷை பேசுகிறது, கம்ப்யூட்டர் வேறு பாஷை. ஆந்திர எல்லையோரம் ஆரம்பாக்கம் பக்கம் தெலுங்கு வியாபாரிக்கும் தமிழ் வியாபாரிக்கும் நடுவில் நின்று ஒருவர் பேசி முடித்து வைப்பாரே, அந்த ஆள்தான் டிரைவர். லினக்ஸில் மற்றதெல்லாம் திறந்து கிடக்க, கார்டு கம்பெனிக்காரன் மட்டும் தன் டிரைவரைப் பூட்டி சீல் வைத்துத் தருகிறான். உள்ளே பார்க்கக் கூடாது. கெட்டுப்போனால் சரிசெய்யக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய கார்டு என்ன பாஷை பேசுகிறது என்பதை எனக்கே சொல்ல மாட்டானாம். இது என்ன நியாயம்?

பொங்கிக்கொண்டிருந்த எனக்குத் திடீரென்று எஸ்தர் கேட்டது ஞாபகம் வந்தது. மூன்று பெட்டி ஓடுகிறது, ஒன்று மட்டும் ஏன் ஓடவில்லை? மூன்றையும் தினமும் சாயங்காலம் நாங்கள் அணைத்துவிட்டுப் போகிறோம். ராஜாவை மட்டும்தான் அணைப்பதே இல்லை.

“பிரபாகர்... பூஜைக்கு முன்னாடி இதை எப்பவுமே அணைக்கலை இல்லையா?”

“ஆமா மேடம்.”

“அந்த இடைப்பட்ட காலத்துல உள்ளே என்னென்ன மாத்தினீங்க?”

“நான் எதையும் மாத்தலை மேடம். அப்டேட்தான்... அது பாட்டுக்குத் தானா வந்து இறங்கும்...”

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். எழுந்து போய் ராஜாவை அணைத்துப் போட்டார். ஆரம்பத்தில் ஒரு நிமிஷம் வந்து போகிற பட்டியலில் இரண்டு வரிகள் தெரிந்தன. மேலே இருப்பது புதுசு, கீழே பழசு. தானாக விட்டால் புதுசைத்தான் எடுத்துக்கொள்ளும். அவர் அம்புக்குறியை அமுக்கி, கீழே இருந்த பழைய வரியைத் தேர்ந்தெடுத்தார்.

திரை பளிச்சென்று வந்தது! படத்தைத் திறந்ததும் எங்கள் அச்சு, பூஜைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போன மாதிரியே, கம்பீரமாகச் சுற்றியது.

நடந்தது இவ்வளவுதான். லினக்ஸின் அஸ்திவாரமாக இருப்பதைக் கெர்னல் என்பார்கள். எப்போதோ ஒரு அப்டேட்டில் புதுக் கெர்னல் வந்து உள்ளே உட்கார்ந்துவிட்டது. அணைத்துப் போடாததால் பழையதே ஓடிக்கொண்டிருந்தது. பூஜைக்காக அணைத்தோம். திரும்பப் போட்டதும் புதுசு எழுந்தது. மற்ற மூன்றிலும் இல்லாத, சீல் வைத்த அந்த டிரைவரோ பழைய கெர்னலுக்கென்று கட்டப்பட்டது. புதுசுக்காக மறுபடி கட்ட வேண்டும். யாரும் கட்டவில்லை. யாருக்கும் தெரியவும் இல்லை. திரையும் அதைச் சொல்லவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காக்கைக்குத்தான் தண்டனை!

நான் சந்தோஷத்தில் படிக்கட்டுப் பக்கம் ஓடப் போனேன். பிரபாகர் மெதுவாகக் கூப்பிட்டார்.

“மேடம்... இதை ஜி.எம்.கிட்ட சொல்லியே ஆகணுமா? நான் சரிபண்ணிட்டேன்னு மட்டும் சொல்லிடலாமே. அணைச்சிப் பார்க்காதது என் தப்புன்னு ஆயிடும்.”

எனக்கு வந்த கோபத்தில் அவரை நாலு அறை அறைந்திருப்பேன்.

“சரிபண்ணிட்டேன்னு மட்டும் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? எஸ்தர் கெடுத்தா, பிரபாகர் சரிபண்ணார்னு ஆகும். உங்களுக்குப் பாராட்டு, அவங்க கேட்டுக்கு வெளியே. வெளியே வந்து பாருங்க, படிக்கட்டுல அழுதுக்கிட்டு இருக்காங்க.”

அவர் வந்து பார்த்தார். நேராக ஜி.எம். அறைக்குப் போனார். அந்த ஒன்றுக்காக அவரை மன்னித்துவிட்டேன்.

ஜி.எம்., நடேசன் சார், காண்ட்ராக்டரின் ஆள் எல்லோரையும் நிற்க வைத்துப் பிரபாகரே செய்து காட்டினார். புது வரி — கறுப்பு. பழைய வரி — படம். மறுபடி புதுசு, மறுபடி பழசு. “துடைச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை சார். இது நான் பார்த்திருக்க வேண்டிய விஷயம்” என்றார். கஸ்டமர் வந்தார், படம் பார்த்தார், தலையாட்டினார், போனார். டிரைவரைப் புதுக் கெர்னலோடு கட்டுகிற வேலையும் அப்புறம் முடிந்தது.

எஸ்தரின் வேலை தப்பியது. சரி. ஒரு வார்த்தை? “தெரியாம சொல்லிட்டோம்மா” என்று ஒரே ஒரு வார்த்தை? நடேசன் சாரிடம் போய்க் கேட்டேன்.

“அதான் வேலைக்கு வரச் சொல்லியாச்சே மேடம். அப்புறம் எதுக்கு சாரி கீரியெல்லாம்? அதுங்களுக்கு இடம் குடுத்தா தலைமேல ஏறிடும்.”

அது என்ன ‘அதுங்க’? அவர் வயதுக்கு அவரோடு மல்லுக்கட்டி என்ன பிரயோஜனம் என்று வந்துவிட்டேன். வந்ததை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

நான் பார்த்தவரைக்கும் நம் நாட்டில் ஒரு மெஷின் நின்றால் நாம் முதலில் கோளாறைத் தேடுவதில்லை. திருப்பிப் பேச முடியாத ஆளைத் தேடுகிறோம். கோளாறு எங்கோ கடல் தாண்டி, பூட்டிய கதவுக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தக் கம்பெனிக்காரனை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். கையில் துணியோடு நிற்கிறவளைக் கேட்போம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மறுநாள் நடேசன் சார் சுவரில் ஒரு போர்டு மாட்டினார். ‘அனுமதியின்றி யாரும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது.’ எஸ்தர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். என்னைப் பார்த்தார்.

“நல்லதாப் போச்சி மேடம். இனிமே அந்தப் பக்கமே நா போவ மாட்டேன். எனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?”

சொன்னபடியே செய்தார். மேஜை துடைப்பார், ஜன்னல் துடைப்பார், தரை பளபளக்கும். கம்ப்யூட்டர் பக்கம் வந்தால் கையை எடுத்துவிடுவார். ஜி.எம். சொன்னபோதும் போர்டைக் காட்டினார். வேறு யாராவது துடைத்தார்களா? துடைப்பதா, நாங்களா? படித்தவர்கள் ஆயிற்றே! நான் என் கம்ப்யூட்டரைத் துடைத்துக்கொண்டேன். ராஜாவைத் துடைக்கத் துணி எடுத்தபோது, “மேடம், ரூல் எல்லாருக்கும்தான்” என்றார் நடேசன் சார். வைத்துவிட்டேன். பேட்டையின் கரி ராஜாவின் மேல் மெத்தை மாதிரி ஏறிக்கொண்டே வந்தது.

இப்போது போன வியாழக்கிழமைக்கு வருவோம். திரை கறுத்ததும் பிரபாகர் பழைய வரியைப் போட்டுப் பார்த்தார், புது வரியைப் போட்டுப் பார்த்தார். இரண்டும் கொஞ்ச நேரம் ஓடி நின்றன. கடைசியில் பெட்டியைத் திறந்தார். கிராபிக்ஸ் கார்டின் முதுகில் சூட்டைத் தணிக்க ஒரு குட்டி மின்விசிறி இருக்கிறது. அது கரியில் புதைந்து, சுற்றவே முடியாமல் நின்றிருந்தது. தொட்டால் கை சுட்டது.

இந்த முறை நிஜமாகவே காரணம் துடைக்கிற விஷயம்தான். பழி போடத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஜி.எம். நடேசன் சாரைப் பார்க்கிறார். நடேசன் சார் தான் மாட்டிய போர்டைப் பார்க்கிறார். பிரபாகர் தரையைப் பார்க்கிறார்.

அந்த நேரம் பார்த்து வாளியோடு வாசலில் வந்து நின்றார் எஸ்தர். திறந்து கிடந்த பெட்டியை எட்டிப் பார்த்தார். அப்புறம் ரொம்ப அக்கறையாக, ரொம்ப மரியாதையாக நடேசன் சாரிடம் கேட்டார்:

“இன்னா சார், இந்த வாட்டி யாரு சார் தொட்ச்சது?”

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.